மூன்றாவது விடை: மென்பொருள் சோதனையில் 'இல்லை' என்பதன் வரலாறு

பள்ளித் தேர்வு முடிவுப் பட்டியல்களைக் கையாண்ட ஆசிரியர்கள் அறிவர்: அப்பட்டியலில் தேறியவர், தேறாதவர் என இரு வகையினர் மட்டும் இருப்பதில்லை. 'தேர்வுக்கு வரவில்லை' என்று குறிக்கப்பட்ட மூன்றாம் வகையினரும் உண்டு. வராத மாணவரைத் தவறியவர் கணக்கில் சேர்ப்பது முறையன்று. அவர் பெயரை அடியோடு நீக்கிவிட்டு, எழுதியவர் அனைவரும் தேறினர், ஆகவே நூறு விழுக்காடு தேர்ச்சி என்று அறிவிப்பதும் முறையன்று. இவ்விரு பிழைகளுள் பின்னதே தீங்கு மிக்கது. முன்னதில் மாணவரோ பெற்றோரோ வந்து முறையிடுவர். பின்னதில் முறையிட ஒருவரும் இரார்.

மென்பொருளுக்கும் தேர்வு உண்டு. ஒரு நிரலை எழுதியவர், அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சிறு சிறு சோதனை நிரல்களையும் எழுதிவைக்கிறார். அவற்றின் கூட்டத்தைச் சோதனைத் தொகுதி என்கிறோம். ஒரு கட்டளை கொடுத்தால் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான சோதனைகள் வரிசையாக ஓடி, ஒவ்வொன்றும் தன் முடிவைச் சொல்லும். ஆனால் இன்றைய மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதன்று. படத்தைச் சுருக்க ஒருவர் எழுதிய நிரலகம், கடவுச்சொல்லை மறைக்க மற்றொருவர் எழுதிய நிரலகம், எழுத்துரு, தரவுத்தளம், இணைய இணைப்பு எனப் பிறர் ஆக்கித் தந்த பலவற்றின்மேல் அது நிற்கிறது. இவற்றைச் சார்புகள் என்பர். சோதனை ஓடும் கணினியில் இச்சார்புகளுள் ஒன்று இல்லாமற்போனால், அதனை நம்பியிருக்கும் சோதனை என்ன விடை சொல்ல வேண்டும்? நிரல் தவறு செய்யவில்லை. ஆகவே 'தவறியது' என்பது பொய். நிரல் சரியாக இயங்கியதையும் யாரும் பார்க்கவில்லை. ஆகவே 'தேறியது' என்பதும் பொய்.

பொறியாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய இச்செய்திக்கு ஒரு மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் என்ன இடம் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. இவ்வரலாற்றின் பெரும்பகுதி பொருத்தமான ஒரு சொல்லைத் தேடிய வரலாறு என்பது ஒன்று. பல கணினிகளில் இல்லாமற்போகும் அந்தச் சார்பு தமிழாகவே இருக்கிறது என்பது மற்றொன்று. அதனைக் கடைசியில் காண்போம்.

எஃகு அலமாரி

1949 மே 6ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டப்பெற்ற எட்சாக் கணினி தன் முதல் நிரலை இயக்கியது. அக்கணினியின் நிரல்கள் துளையிட்ட தாள்நாடாவில் இருந்தன. வில்க்ஸ் தொடக்கத்தில் எழுதிய நிரல் ஒன்றின் நாடா பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டது. 126 வரிகள் கொண்ட அதில் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தன. எஞ்சிய வாழ்நாளில் ஒரு நல்ல பங்கு தம் சொந்த நிரல்களின் பிழையைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று ஒருநாள் மாடிப்படியின் திருப்பத்தில் உணர்ந்ததாக அவர் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார்.

பிழையைக் குறைக்க அக்குழு கண்ட வழி எளியது. வர்க்கமூலம் காண்பது, எண்ணை அச்சிடுவது போன்று அடிக்கடி வேண்டப்படும் பணிகளுக்கு, ஒருமுறை எழுதிச் சரிபார்த்த துணைநிரல்களின் நாடாக்களை ஓர் எஃகு அலமாரியில் சேர்த்துவைத்தனர். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தம் நிரல் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் திரும்ப வைத்துவிடுவார். இம்முறையை இயலச்செய்தவர்களுள் முதன்மையானவர் டேவிட் வீலர். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து 1951இல் வெளியிட்ட நூல் இத்துணைநிரல் நூலகத்தை உலகுக்கு விளக்கியது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. படியெடுத்தபின் அலமாரியே எரிந்துபோனாலும் அந்த நிரலுக்கு ஒரு குறையும் இல்லை. இரவல் வாங்கியது அதன் உடலிலேயே சேர்ந்துவிட்டது. பிற்காலத்தில், நினைவகத்தைச் சிக்கனப்படுத்தவும், ஓரிடத்தில் செய்த திருத்தம் எல்லா நிரல்களையும் சென்றடையவும், நிரலகங்களைக் கணினியின் பொது இடத்தில் வைத்து, நிரல் இயங்கும்போது தேடி இணைத்துக்கொள்ளும் முறை வந்தது. அதன் ஆதாயம் பெரிது. ஆனால் அன்றுமுதல் 'தேடிய இடத்தில் இல்லை' என்னும் நிலை நிரலின் வாழ்வில் அன்றாட நிகழ்வாயிற்று.

1980களில் இந்நிலை முற்றியது. யூனிக்ஸ் இயங்குதளம் பல நிறுவனங்களின் கையில் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் இருந்த வசதி மற்றொன்றில் இல்லை. லாரி வால் என்பவர் 1984இல் ஆர்என் என்னும் செய்தி வாசிப்பு நிரலை வெளியிட்டபோது, அதனோடு ஒரு வினவுநிரலையும் சேர்த்து அனுப்பினார். அது கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதற்கேற்ப நிரலை அமைத்துக்கொடுத்தது. இல்லாததை முன்கூட்டியே கேட்டறியும் பழக்கம் இவ்வாறு பரவியது. வால் மொழியியல் பயின்றவர் என்பதை இம்மேடையில் குறிப்பிடாமற்செல்ல மனம் வரவில்லை.

ஒன்று முதல் நான்கு வரை

அதே வால் 1987 டிசம்பர் 18 அன்று பெர்ல் மொழியின் முதல் பதிப்பை வெளியிட்டார். மூலநிரலோடு ஒரு சோதனைத் தொகுதியும் வந்தது. அதன் இலக்கணம் விரலளவே. ஒவ்வொரு சோதனைக் கோப்பும் முதல் வரியில் 1..4 என்பதுபோல் ஓர் எண்வரிசையை அச்சிடும். 'நான்கு விடைகள் தரப்போகிறேன்' என்பது அதன் பொருள். பின்பு 'ஓகே 1', 'ஓகே 2' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். தவறினால் 'நாட் ஓகே 3' என்னும். மேற்பார்க்கும் நிரல் இவ்வரிகளைப் படித்துக் கணக்கிடும். அவ்வளவே. பின்னாளில் டாப் என்று பெயர்பெற்ற இவ்வடிவம் பெர்லுக்கு வெளியேயும் பல மொழிகளில் இன்று புழங்குகிறது.

அந்த முதல் வரியின் அருமை, ஏதேனும் கெடும்போதுதான் தெரியும். பந்தியில் முதலில் இலையை விரித்துவிட்டால், உட்காராதவர் எத்தனை பேர் என்பது பரிமாறும்போதே தெரிந்துவிடும். அதுபோல, நான்கு விடை தருவதாகச் சொன்ன சோதனை இரண்டாவதோடு மூச்சு நின்றுபோனால், எஞ்சிய இரண்டு காணப்படவில்லை என்பதை மேற்பார்வை நிரல் உடனே அறியும். முன்னறிவிப்பு இல்லாதிருந்தால், 'வந்த விடை இரண்டும் சரி' என்ற அளவில் கணக்கு முடிந்திருக்கும். இந்த ஒரு வரியை மென்பொருள் சோதனை வரலாற்றின் நேர்மையான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

வால் மற்றொன்றையும் எண்ணிப்பார்த்திருந்தார். மிக அடிப்படையான சோதனைகள் முதலில் ஓடும். அவற்றுள் ஒன்று தவறினாலும் மேலே தொடர்வதில் பயனில்லை என்று தொகுதி நின்றுவிடும். அச்சிடவே தெரியாத மொழியிடம் வகுத்தற்கணக்கைக் கேட்டு என்ன பயன்? இன்றளவும் பெர்லின் அடிப்படைச் சோதனைகள் பிற நிரற்கூறுகளை இரவல் வாங்காமல் வெறும் அச்சிடும் கட்டளையைக் கொண்டே எழுதப்படுகின்றன. சோதிக்கும் கருவி, சோதிக்கப்படும் பொருளைச் சார்ந்திருக்கலாகாது என்பது அதன் கருத்து.

ஆனால் 1990களில் பெர்ல் பெருகியது. தரவுத்தளத்தோடு பேசும் கூறுகள், வலையமைப்பைத் தேடும் கூறுகள், குறிப்பிட்ட இயங்குதளத்தில் மட்டுமே பொருளுடைய கூறுகள் எல்லாம் வந்தன. அவற்றுக்கான சார்பு இல்லாத கணினியில் சோதனை 'நாட் ஓகே' என்றால், எந்தப் பிழையும் இல்லாத நிரலை நிறுவவே முடியாமற்போகும். ஆகவே ஒரு வழி வகுத்தனர். விடைவரிக்குப் பின் ஒரு குறியிட்டு 'ஸ்கிப்', அதாவது 'விட்டுச்செல்கிறேன்' என்று எழுதலாம்: 'ஓகே 3 # ஸ்கிப்'. கோப்பு முழுவதையுமே விட்டுச்செல்ல வேண்டுமாயின் 1..0 என்று முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.

அவ்வரியை மீண்டும் பாருங்கள். அது 'ஓகே' என்றே தொடங்குகிறது. நடக்காத சோதனை, நடந்து தேறிய சோதனையின் வரிசையிலேயே அமர்த்தப்பட்டது. நிறுவுபவரின் வசதியை எண்ணினால் இம்முடிவைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் வராத மாணவரைத் தேறியவர் பட்டியலில் எழுதி, ஓரத்தில் பென்சிலால் குறிப்பிட்ட செயல் இது. ஓரக்குறிப்பைப் படிப்பவர் எத்தனை பேர்? 2001இல் வெளிவந்த டெஸ்ட் மோர் என்னும் கூறு இதனைச் சற்றே நெறிப்படுத்தியது. அதில் விட்டுச்செல்ல விரும்புபவர், என்ன காரணம், எத்தனை சோதனைகள் என்னும் இரண்டையும் எழுத வேண்டும். காரணம் எழுதப்பட்டால் பிற்பாடு யாரேனும் கேள்வி கேட்க இயலும்.

ஐந்து சொற்கள்

இதே காலத்தில், வேறொரு பக்கத்திலிருந்து சொற்றேடல் நடந்தது. யூனிக்ஸின் கிளைகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாசிக்ஸ் என்னும் நெறியை ஒரு கணினி பின்பற்றுகிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதற்கே தனியாக ஒரு நெறி எழுதப்பட்டது. 1003.3 என்ற எண்ணுடைய அது 1991இல் வெளியாயிற்று. சோதனைக்கு இரு விடைகள் போதா, ஐந்து வேண்டும் என்றது அது. ராப் சவோய் என்பவர் சிக்னஸ் நிறுவனத்தில் இருந்தபோது 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய டெஜாக்னூ என்னும் சோதனைச் சட்டகம் அந்த ஐந்தையும் எடுத்தாண்டது.

முதலிரண்டு நாம் அறிந்த பாஸ், ஃபெயில். மற்ற மூன்று: அன்சப்போர்ட்டட், அன்டெஸ்டட், அன்ரிசால்வ்ட். ஆங்கிலத்தில் இவை ஒரே முன்னொட்டால் தொடங்கி ஒன்றுபோல் ஒலிப்பதால், பயன்படுத்துவோரே மயங்குவதுண்டு. தமிழில் அம்மயக்கம் இல்லை. முதலாவது, 'இங்கே அது இல்லை': சோதனைக்கு வேண்டிய கருவியோ வசதியோ இக்கணினியில் இல்லை. இரண்டாவது, 'இன்னும் சோதிக்கவில்லை': சோதனையே எழுதப்படவில்லை, இடம் மட்டும் பிடித்துவைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, 'முடிவு தெரியவில்லை': சோதனை தொடங்கியது, நடுவே ஏதோ நேர்ந்தது, மனிதர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இல்லை, செய்யவில்லை, தெரியவில்லை என்னும் இம்மூன்றும் நம் வீட்டுக் குழந்தைகளும் வேறுபடுத்திப் பேசும் எதிர்மறைகள். இன்று கலைச்சொல் ஆக்குவோர் பலர் 'ஸ்கிப்' என்பதற்குத் 'தவிர்க்கப்பட்டது' என்று எழுதுகின்றனர். யார் தவிர்த்தார், ஏன் தவிர்த்தார் என்பதை அச்செயப்பாட்டுவினை விழுங்கிவிடுகிறது. எனக்கு அது உடன்பாடில்லை.

டெஜாக்னூவுக்கு இவ்வளவு நுட்பம் ஏன் தேவைப்பட்டது என்றால், அது சோதித்த பொருள் அத்தகையது. ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பியும் ஜிடிபி என்னும் பிழைகாண் கருவியும் பல்வேறு செயலிகளுக்காக உருவாக்கப்பட்டவை. சோதனை ஓடும் கணினி ஒன்று. நிரல் போய் இயங்க வேண்டிய சிறு மின்சுற்றுப்பலகை வேறொன்று. பலகையில் பதின்மப்புள்ளிக் கணக்கிடும் பகுதி இல்லாமலிருக்கலாம். கோப்பு வைக்க இடமே இல்லாமலிருக்கலாம். இன்றும் ஜிசிசியின் சோதனைகள் பலவற்றின் தலைப்பில், 'இலக்குக்கணினியில் இன்ன வசதி இருந்தால் மட்டும் ஓடு' என்னும் வரி இருக்கும். அவ்வசதி உண்டா என்பதை ஒரு சிறு நிரலை இயற்றிப் பார்த்தே தொகுதி முடிவுசெய்கிறது. கேள்விப்பட்டதை நம்புவதில்லை.

இத்தனை நுட்பத்துக்கும் நடுவே ஒரு வேடிக்கை. டெஜாக்னூவே ஒரு சார்புதான். அதுவும் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத கணினியில், ஆட்டோமேக் என்னும் கருவி எழுதித்தரும் சோதனைக் கட்டளையை ஓட்டினால், சோதனை இயக்கியைக் காணவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரி வரும். பின் கட்டளை வெற்றிகரமாக முடிந்ததாகவே அறிவிக்கும். ஒரு சோதனைகூட ஓடவில்லை. தேர்வு மண்டபத்தின் சாவி கிடைக்காத நாளிலும் முடிவு வெளியிடப்பட்டுவிட்டது.

எளிய சோதனைகளுக்கு ஆட்டோமேக் வேறொரு வழியும் வைத்திருக்கிறது. யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். சுழியம் என்றால் நலம், பிற என்றால் கேடு. ஆட்டோமேக், 77 என்ற எண்ணைச் 'சோதிக்க இயலவில்லை' என்பதற்கு ஒதுக்கியது. சோதனைக்கான ஏற்பாடே குலைந்துவிட்டது என்பதற்கு 99. திரையில் தேறியவை பச்சையாகவும் தவறியவை சிவப்பாகவும் தோன்ற, 77 நீலமாகத் தோன்றும். டெபியன் இயங்குதளத்தின் பொதிச் சோதனை முறையிலும் அதே 77 அதே பொருளில் வழங்குகிறது.

பிறர் வீட்டுக் கணினிகள்

தம் கணினியில் எல்லாம் இருப்பது எழுதியவருக்கு ஒரு கேடு. என்றோ நிறுவிய நிரலகம் அங்கே இருக்கும். அதனைத் தம் நிரல் சார்ந்திருப்பதே அவருக்குத் தெரியாது. சமையற்குறிப்பு எழுதும் பாட்டி, உப்பைக் குறிப்பிட மறப்பது இதனால்தான்.

1995இல் சிபேன் என்னும் பெர்ல் நிரற்களஞ்சியம் இணையத்தில் தொடங்கியது. எவரும் எழுதிய கூற்றை அங்கே வைக்கலாம், எவரும் எடுத்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜ் அலமாரி உலகளவில் விரிந்தது எனலாம். 1998இல் அதனையொட்டி ஒரு தன்னார்வக் குழு எழுந்தது. களஞ்சியத்திற்கு வரும் ஒவ்வொன்றையும் தம் கணினியில் இறக்கி, சோதனைத் தொகுதியை ஓட்டி, முடிவை ஆசிரியருக்கு அனுப்புவது அவர்கள் பணி. யாரும் கூலி வாங்கவில்லை. அவர்கள் கணினிகளோ பலவகை: பழைய பதிப்பு, புதிய பதிப்பு, விண்டோஸ், சோலாரிஸ். ஆசிரியர் வீட்டில் தேறிய கூறு அங்கெல்லாம் தவறத் தொடங்கியது. தவறியதற்குக் காரணம் பெரும்பாலும் நிரற்பிழை அன்று; எழுத மறந்த உப்பு.

'உங்கள் நிரல் கெட்டது' என்று சோதித்தவரும், 'உங்கள் கணினியில் குறை' என்று ஆசிரியரும் கருதும்போது, யார் பக்கம் நியாயம்? இக்குழு நான்கு தரங்களை வகுத்துக்கொண்டது. தேறியது, தவறியது என்பவற்றோடு, இக்கணினிக்கு இந்நிரல் பொருந்தாது என்பது மூன்றாவது. சோதனையே இல்லாததால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்பது நான்காவது. தம் நிரல் விண்டோஸில் இயங்காது என்று தெரிந்த ஆசிரியர், நிறுவும் நிரலில் அதனைக் குறிப்பிட்ட சொற்றொடரில் அறிவித்துவிட்டால், அறிக்கை 'பொருந்தாது' என்ற தரத்தில் போய்ச்சேரும். தவறிய கணக்கில் ஏறாது.

இக்குழுவின் தொடர்ந்த நச்சரிப்பால் (அச்சொல்லை நன்றியோடுதான் எழுதுகிறேன்) சார்புகளை எழுதிவைக்கும் முறையே மாறியது. தொடக்கத்தில் ஒரே பட்டியல்: இந்நிரலுக்கு இவையெல்லாம் வேண்டும். 2010இல் வகுக்கப்பட்ட சிபேன் விவரக்குறிப்பின் இரண்டாம் பதிப்பு அப்பட்டியலைப் பிரித்தது. இயங்குவதற்கு வேண்டுவது வேறு, கட்டுவதற்கு வேண்டுவது வேறு, சோதிப்பதற்கு மட்டும் வேண்டுவது வேறு. அவற்றுள்ளும் கட்டாயமானது, பரிந்துரைக்கப்படுவது, இருந்தால் நல்லது எனப் படிகள் உண்டு. சோதனைக்கு மட்டும் வேண்டியதை அதற்கெனவே கேட்டு வாங்கலாம் என்று ஆனபின், 'இல்லை' என்று சொல்லிச் சோதனையை விட்டுச்செல்வதற்கான சாக்கும் குறைந்தது.

எதிர்பார்த்த இன்மை

பைத்தான் மொழியின் சொந்தச் சோதனைத் தொகுதியில் 2000களின் தொடக்கத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. இன்ன இயங்குதளத்தில் இன்ன சோதனைகள் ஓடாமற்போவது இயல்பு என்று தளம்தோறும் ஒரு பட்டியலை வைத்திருந்தனர். தொகுதி ஓடி முடிந்ததும், விடப்பட்ட சோதனைகளை அப்பட்டியலோடு ஒப்பிட்டு, எதிர்பார்த்தவை எவை, எதிர்பாராதவை எவை என்று தனித்தனியே காட்டும். பட்டியலில் இல்லாத புதிய தளமாயின், யாரேனும் எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அந்நிரல் பணிவோடு கேட்கும். விண்டோஸ் தொடர்பான சோதனை லினக்ஸில் ஓடாததில் வியப்பில்லை. லினக்ஸில் நேற்றுவரை ஓடிய சுருக்கமுறைச் சோதனை இன்று ஓடவில்லையென்றால், அதற்குரிய நிரலகம் காணாமற்போயிருக்கிறது; அது செய்தி. பட்டியலைப் பேணுவது சுமையாயிற்றுப் போலும். பின்னர் அதனைக் கைவிட்டனர். எனக்கு அது ஓர் இழப்பாகவே படுகிறது.

பொதுமக்கள் எழுதும் பைத்தான் சோதனைகளுக்கு, விட்டுச்செல்லும் வசதி மொழியோடு வரும் சோதனைக்கூற்றில் 3.1, 2.7 ஆகிய பதிப்புகளில், அதாவது 2009, 2010 ஆண்டுகளில் சேர்ந்தது. இதற்குமுன் பலர் செய்தது, தேவையான கூறு இல்லையெனில் சோதனையைத் தொடங்கிய கையோடு முடித்துவிடுவது. அப்படி முடிந்தது 'தேறியது' என்றே கணக்காகும். பைடெஸ்ட் என்னும் சட்டகத்தில், 'இக்கூற்றைக் கொண்டுவா. இல்லையெனில் விட்டுச்செல்' என்று ஒரே வரியில் எழுதும் வழி உண்டு. மிக வசதியானது. அவ்வசதிக்குள் ஒரு பொறி பல்லாண்டுகள் ஒளிந்திருந்தது. கூறு நிறுவப்படாதிருந்தாலும், நிறுவப்பட்டு உள்ளே உடைந்துபோயிருந்தாலும் அவ்வரிக்கு இரண்டும் ஒன்றே, பேசாமல் விட்டுச்செல்லும். ஆள் ஊரில் இல்லாததையும், வீட்டுக்குள் மயங்கிக் கிடப்பதையும் 'கதவு திறக்கவில்லை' என்ற ஒரே சொல்லால் குறித்ததுபோல. 2016 டிசம்பரில் வந்த பைத்தான் 3.6, 'கூறே கிடைக்கவில்லை' என்னும் நிலைக்குத் தனிப்பெயர் தந்தது. 2024இல் வந்த பைடெஸ்ட் 8.2 அப்பெயரைப் பயன்படுத்தி, கூறு இருந்தும் ஏற்ற முடியாதபோது எச்சரிக்கை தரத் தொடங்கியது.

சார்பு இல்லாமற்போவதைப் பற்றிப் பேசும் எவரும் 2016 மார்ச் 22ஆம் நாளைக் குறிப்பிடுவர். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொதுக்களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து, எழுத்துத்தொடரின் இடப்பக்கத்தை நிரப்பும் 11 வரி நிரலான லெஃப்ட்-பேட் அதன் ஆசிரியரால் நீக்கப்பட்டது; அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டுமானம் உலகெங்கும் நின்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் களஞ்சியத்தார் அதனைத் திரும்ப வைத்தனர். பெரும் பரபரப்புதான். ஆயினும் உரக்க உடைந்ததால் அன்றே சீராயிற்று. நான் அஞ்சுவது ஓசையின்றி விடப்படுவதை.

கொம்பும் காலும்

இப்போது தமிழுக்கு வருவோம். 'கொ' என்னும் எழுத்தை யூனிகோட்டில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் இரு தனிக்குறிகளாக இடுவது மறுவகை. திரையில் இரண்டும் ஒன்றே. கணினியின் உள்ளே இரண்டும் வேறு. 'கொடி' என்று ஒருவகையில் தட்டச்சிட்ட நூற்பட்டியலில் மறுவகையில் தேடினால், நூல் இருந்தும் கிடைக்காது. இரண்டையும் ஒன்றென்று கொள்ளும் விதியை யூனிகோட் வகுத்திருக்கிறது. அவ்விதியை மென்பொருள்கள் சரியாகக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்க எழுத்து எழுத்தாக ஒரு சோதனைக் கோப்பையும் வெளியிடுகிறது. கொகரம், கோகரம், கௌகாரக் குறிகளும், ஔகார உயிரும் அதில் உண்டு.

பைத்தானின் தொகுதியில் இக்கோப்பைக் கொண்டு ஓடும் சோதனை இருக்கிறது. ஆனால் கோப்பு பெரிதாகையால் மூலநிரலோடு வருவதில்லை. இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்தை நாடும் சோதனைகளோ, வெளிப்படையாக அனுமதி கொடுத்தாலன்றி அத்தொகுதியில் ஓடா. ஆகவே இயல்பாகத் தொகுதியை ஓட்டுபவரின் கணினியில், இச்சோதனை விடப்பட்டவற்றின் பட்டியலில் ஒரு வரியாகக் கடந்துபோகும். பைத்தான் ஆக்குநர்களின் கணினிகளில் அது முறையாக ஓடுகிறது. அவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. இறுதி முடிவில் பச்சையைக் கண்டு 'யூனிகோட் சரி' என்று நம்பும் மற்றவருக்கே இது செய்தி.

சிறந்த மாற்றுவழி ஒன்றும் நம் எழுத்தோடு தொடர்புடையதே. எழுத்துகளைத் திரையில் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம், தன் சோதனைக்குக் கணினியில் உள்ள எழுத்துருவை நம்புவதில்லை. சோதனைக்கு வேண்டிய சில எழுத்துகளை மட்டும் எழுத்துருவிலிருந்து வெட்டியெடுத்து, சிறு கோப்பாக்கி, தொகுதிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. 'எழுத்துரு இல்லை' என்ற விடைக்கு அங்கே இடமில்லை. வில்க்ஸின் தாள்நாடா நினைவுக்கு வருகிறது.

இதற்கு நேர்மாறான நிலையும் இருந்தது. நோட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியின் வழக்கமான பொதியில், 2019 அக்டோபரில் 13ஆம் பதிப்பு வரும்வரை, ஆங்கிலத்துக்குரிய வட்டார வழக்குத் தரவு மட்டுமே இருந்தது. தமிழில் தேதி கேட்டால் ஆங்கிலத்தில் கொடுக்கும். பிழை என்று சொல்லாது. மலாய்க்கும் சீனத்துக்கும் அதே கதிதான். சார்பு இல்லை என்பதைச் சோதனை அறிய வழியே இல்லாதபடி, அதனிடத்தில் ஆங்கிலம் அமைதியாக வந்து அமர்ந்துகொண்டது.

இதன் விளைவை நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றில் காணலாம். யூனிகோட் பேரவையின் பொது வட்டாரத் தரவகத்தில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என நான்கு வழக்குகள் பதிவாகியுள்ளன. இந்தியத் தமிழில் ஓர் எண்ணை 12,34,567 என்று பிரித்தெழுதுவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1,234,567 என்றே எழுதுகிறோம். தரவகமும் அவ்வாறே சொல்கிறது. நம் இளைஞர் ஒருவர் தாம் எழுதும் செயலியில் சிங்கப்பூர்த் தமிழ் எண்வடிவம் சரியாக வருகிறதா என்று ஒரு சோதனை எழுதுகிறார் என்று கொள்வோம். இந்தியத் தமிழ் வந்துவிட்டால் சோதனை தவறும், நன்று. தமிழ்த் தரவே இல்லாமல் ஆங்கிலம் வந்து அமர்ந்தால்? ஆங்கிலத்திலும் அவ்வெண் 1,234,567 தான். சோதனை தேறும். ஆகவே அவர் எண்ணைக் கேட்குமுன் ஒரு மாதத்தின் பெயரைக் கேட்க வேண்டும். 'ஜனவரி' என்று தமிழில் வந்தால் மட்டும் மேலே செல்ல வேண்டும். வராவிட்டால் 'இங்கே தமிழ் இல்லை' என்று எழுதி, 77 என்ற எண்ணோடு நிற்க வேண்டும்.